வழி தவற முடியாத ஊர்

அக்டோபர் 28, சனி

சண்டிகர் வந்து சேர்ந்தாயிற்று. மதுரையில் ஏறி ரயிலிலேயே குடித்தனம் நடத்தியதில் என் இடுப்பு பெர்த்துப் பலகை மாதிரி ஆகிவிட்டது. மாப்பிள்ளை ஜெயவீரன் ஒரு கல்யாணத்துக்காக ஊருக்கு வந்தவர், திரும்பும்போது மாவடு ஜாடி, அரிசி மாவுப் பை, மாமியார் என்று எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். ஜாடி உடையாமல் வந்தது.

இந்த டைரியை மகள் செல்வி கொடுத்தாள். மாப்பிள்ளை ஆபீசில் யாரோ கொடுத்து இத்தனை மாதம் சும்மா கிடந்ததாம். “சுவத்தப் பாத்துக்கிட்டு உக்காராத. பாத்தத எழுது” என்றாள். அஞ்சாம் வகுப்போடு நின்றவளிடம் எழுதச் சொல்கிறாள். அவளுக்கு ஆஸ்பத்திரியில் நர்சு வேலை, எல்லோருக்கும் ஏதாவது மருந்து கொடுத்தே பழக்கம்.

செல்வி அப்பா போய்ச் சேர்ந்து இந்த மாதத்தோடு ஐந்து மாதம். நான் இங்கே வந்தது ஊரைப் பார்க்க. செல்வி கூப்பிட்டது வேறு விஷயத்துக்கு. மதுரையில் நாங்கள் இருப்பது வாடகை வீடு. வீட்டுக்காரர் சௌந்திரபாண்டி அண்ணன் மகனுக்குத் தையில் கல்யாணம். நான் காலி செய்தால் மகனை அங்கே வைப்பார், இல்லையென்றால் மாடியில் அவனுக்குத் தனியாகக் கட்டுவார். “கார்த்திகை பொறக்குறதுக்குள்ள ஒரு வார்த்த சொல்லிரு தங்கச்சி” என்றார். செல்வி, காலி பண்ணிவிட்டு இங்கேயே வந்துவிடு என்கிறாள். யோசிக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். யோசிக்க உனக்கு என்ன தெரியும் என்று இதுவரை யாரும் கேட்கவில்லை. மரியாதை தெரிந்த ஜனங்கள்.

அக்டோபர் 29, ஞாயிறு

மாப்பிள்ளை காரில் ஊரைச் சுற்றிக் காட்டினார். ரோடெல்லாம் நூல் பிடித்த மாதிரி நேராகப் போகிறது. போய் ஒரு ரவுண்டானாவில் முட்டுகிறது. ரவுண்டானா நடுவில் பூச்செடி. அதைச் சுற்றி வந்தால் மறுபடியும் அதே மாதிரி ரோடு, அதே மரம், அதே ரவுண்டானா. நாம்தான் நகர்கிறோமா, இல்லை ஊரைத்தான் நமக்கு எதிரே இழுத்துக்கொண்டிருக்கிறார்களா என்று சந்தேகம் வந்துவிட்டது.

“இது பிளான் போட்டுக் கட்டுன ஊரு அத்த. மொத்தமும் கட்டம் கட்டமா இருக்கும். ஒவ்வொரு கட்டமும் ஒரு செக்டார். அதுக்குள்ளயே கடை, பள்ளிக்கூடம், பார்க் எல்லாம் இருக்கு. நம்ம செக்டார் முப்பத்தேழு. நம்பர் தெரிஞ்சாப் போதும், இங்க வழி தவறவே முடியாது.”

நம்ம ஊரிலும் கோயிலைச் சுற்றிக் கட்டமாகத்தான் வீதி போட்டிருக்கிறார்கள். ஆனால் ஆடி, சித்திரை, மாசி என்று மாசத்தின் பெயரை வைத்தார்கள். இங்கே பெயர் வைக்கச் சோம்பல்பட்டு நம்பரை ஒட்டிவிட்டார்கள் போல.

அதை மாப்பிள்ளையிடம் பெருமையாகச் சொன்னேன். அவர், “அப்ப மதுர வீதியெல்லாம் உங்களுக்கு அத்துப்படியா அத்த?” என்றார். நான் வெளியே மரத்தைப் பார்த்தேன்.

செல்வி அப்பா ஆட்டோ ஓட்டினவர். கல்யாணமான நாள் முதல் கோயில், ஆஸ்பத்திரி, ஜவுளிக்கடை, சொந்தக்காரர் வீடு எங்கே போனாலும் நான் பின்சீட்டு. பின்சீட்டிலிருந்து ஊர் தெரியாது, அவர் பிடரிதான் தெரியும். அதில் எத்தனை மச்சம், வெயில் காலத்தில் எந்தப் பக்கம் வேர்க்குரு வரும், எல்லாம் சொல்வேன். மேல மாசி வீதி எந்தப் பக்கம் என்று கேட்டால் முழிப்பேன். முப்பத்திரண்டு வருஷம் மதுரையில் இருந்து ஒரு பிடரியைத்தான் பார்த்திருக்கிறேன்.

அக்டோபர் 31, செவ்வாய்

வழி தவறவே முடியாத ஊரில் வழி தவறினேன்.

பால் பூத் எதிர்ச் சந்தில்தான் இருக்கிறது. இங்கே அரசாங்க வீடுகள். செங்கல் நிறத்தில் வரிசையாக, ஒரே அச்சில் சுட்ட மாதிரி. ஒரே கேட், ஒரே ஜன்னல், ஒரே மாதிரித் தொட்டிச் செடி. போகும்போது அடையாளம் வைத்துக்கொண்டுதான் போனேன். வீட்டெதிரே சிவப்பு ஸ்கூட்டர், அதன் நிழலில் ஒரு வெள்ளை நாய். திரும்பி வந்தால் ஸ்கூட்டர்காரன் வேலைக்குப் போய்விட்டான். நிழல் போனதும் நாயும் போய்விட்டது. நகர்கிற இரண்டைப் பார்த்து அடையாளம் வைத்த என் அறிவை என்ன சொல்ல. பால் பாக்கெட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சந்து சந்தாக நடந்தேன். செல்விதான் தேடி வந்து கூட்டிப்போனாள்.

“கேட்ல நம்பர் எழுதியிருக்குல்லம்மா. பாக்க வேண்டியதுதான?”

“நம்பரப் பாத்து உள்ள போறதுக்கு இது என்ன லாட்ஜா? வீடுடி.”

வீராப்பாகச் சொன்னேனே தவிர, நம்பரைப் பார்த்தேன்தான். 1372-ஆ 1327-ஆ என்று மறந்துவிட்டது. இரண்டும் இருக்கிறது இந்தச் செக்டாரில்.

அப்புறம் செல்வி கேட்டாள்: “ஆமா, முட்டி வலின்னு ஊர்ல வாசப்படி தாண்ட மாட்டேங்குறன்னு பக்கத்து வீட்டு அக்கா சொன்னாங்க. இவ்வளவு தூரம் நடந்திருக்க?”

குளிர் பிரதேசத்தில் முட்டி வலிக்காது என்று சொன்னேன். நர்சிடம்.

நவம்பர் 1, புதன்

வெளியே போகவில்லை. பூண்டு உரித்தேன்.

நவம்பர் 2, வியாழன்

காலையில் ஒரு யோசனை வந்தது. என் யோசனை எல்லாம் காலையில்தான் நன்றாக இருக்கும், மத்தியானம் புளித்துவிடும்.

ஸ்கூட்டர் போகும், நாய் போகும். தரை போகாது. அரிசி மாவை எடுத்துக் கேட்டுக்கு முன்னால் தண்ணீர் தெளித்து ஒரு சிக்குக் கோலம் போட்டேன். ஏழு புள்ளி, ஏழு வரிசை. இந்த ஊரில் எவளுக்கும் சிக்குக் கோலம் தெரியாது. இனி எங்கே போய்த் திரும்பினாலும் கோலம் இருக்கிற வீடு என் வீடு. பால் பூத்துக்குப் போனேன், வந்தேன். மறுபடியும் சும்மாவே போனேன், வந்தேன். பூத்துக்காரர் இரண்டாம் தடவையும் பாலை எடுத்து நீட்ட, வாங்காமல் திரும்பினால் நன்றாக இராது என்று அதையும் வாங்கினேன். வீட்டில் பால் வழிகிறது. தயிர் போட்டிருக்கிறேன்.

செல்வி டியூட்டி முடிந்து வந்தவள் கேட்டில் நின்றுவிட்டாள். கோலத்தை மிதிக்காமல் ஓரமாகச் சுற்றி உள்ளே வந்தாள். 

துக்க வீட்டில் கோலம் கிடையாது என்பது எனக்குத் தெரியாதா. ஊரில் அன்றைக்கு நிறுத்தினதுதான். ஆனால் இது கோலம் இல்லை, அடையாளம். அதோடு இது மாப்பிள்ளை வீட்டு வாசல். அவர்களுக்குத் தீட்டு இல்லை. இதை நான் யாரிடம் வாதாடிக்கொண்டிருக்கிறேன் என்று தெரியவில்லை.

நவம்பர் 4, சனி

பக்கத்து வீட்டில் ஜஸ்பீர் என்று ஒரு அம்மா. என் வயசிருக்கும், என்னைப் போல் இரண்டு பேரைச் சேர்த்த உடம்பு. கோலத்தைப் பார்த்துவிட்டு இடுப்பில் கைவைத்து அரை மணி நேரம் பஞ்சாபியில் பேசினாள். நான் தமிழில் பதில் சொன்னேன். இரண்டு பேருக்கும் எந்தக் கருத்து வேறுபாடும் வரவில்லை. கடைசியில் என் கையைப் பிடித்துத் தன் வாசலுக்கு இழுத்துப்போய்த் தரையைக் காட்டினாள். இங்கேயும் ஒன்று போடு என்கிறாள். தீபாவளி வருகிறதாம்.

வேறு வீட்டு வாசல்தானே. போட்டேன். அவளுக்கு அதே கோலம்தான் வேண்டுமாம். வேறு போடப் போனால் தலையை ஆட்டுகிறாள்.

நவம்பர் 5, ஞாயிறு

உடைந்த சாமான்களால் ஆன தோட்டம் ஒன்றைப் பார்த்தோம். உடைந்த பீங்கான், உடைந்த கழிப்பறைத் தொட்டி, எதையும் வீணாக்காமல் மனுஷன், மாடு, மயில் என்று செய்து நிறுத்தியிருக்கிறார்கள். கூட்டம் கூட்டமாகப் பெண் பொம்மைகள், உடம்பு முழுக்க உடைந்த கண்ணாடி வளையல். பச்சை, சிவப்பு, மஞ்சள். நன்றாகத்தான் இருக்கிறது.

என் வளையலும் ஜூன் மாதம் உடைத்தார்களே, அது குப்பை வண்டிக்குத்தான் போயிற்று. இங்கே அனுப்பியிருந்தால் ஒரு பொம்மைக்கு முழங்கை வரைக்குமாவது வந்திருக்கும்.

இதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். மாப்பிள்ளை செருப்பு வாரைச் சரிசெய்கிற மாதிரிக் குனிந்துகொண்டார். செல்வி விடுவிடுவென்று முன்னால் நடந்துவிட்டாள்.

ஏரிக்கும் போனோம். படகு இருந்தது. முன்னால் ஒருவர் மிதிக்க நான் பின்னால் உட்கார வேண்டும் என்றார்கள். வேண்டாம் என்றுவிட்டேன்.

நவம்பர் 7, செவ்வாய்

சௌந்திரபாண்டி அண்ணன் போன். “ஒன்னை வெரட்டுறேன்னு நெனைக்காத தங்கச்சி. கொத்தனாருக்கு முன்கூட்டியே சொல்லணும்ல” என்றார். அவர் மேல் தப்பில்லை. சொல்கிறேன் அண்ணே என்றேன். என்ன சொல்லப் போகிறேன் என்று அவரும் கேட்கவில்லை, நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

செல்வி சப்பாத்தி உருட்டிக்கொண்டே ஆரம்பித்தாள்.

“ம்மா. அன்னைக்கு அப்பா காலைல சாப்பிட்டாராம்மா?”

“இந்த ஊர்ல கோதும மாவு எவ்வளவு வெள்ளையா இருக்கு பாரு.”

“ஆட்டோ ஸ்டாண்டுலதான் உசுரு போச்சுங்குறாங்க. வலின்னு யாருகிட்டயாச்சும் சொன்னாராம்மா?”

“வட்டமா உருட்டுடி. ஒம் மாமியா பாத்தா என் மானம் போகும்.”

அவள் மாமியார் ராமநாதபுரத்தில் இருக்கிறார். கட்டையைக் கீழே வைத்துவிட்டுச் செல்வி கை கழுவப் போனாள். வெகுநேரம் கழுவினாள். மீதிச் சப்பாத்தியை நான் உருட்டினேன். ஒன்று இலங்கை மாதிரி வந்தது.

நவம்பர் 9, வியாழன்

என் மவுசு கூடிவிட்டது. ஜஸ்பீர் தன் வாசலைப் போட்டோ பிடித்து எல்லாருக்கும் அனுப்பியிருக்கிறாள். எங்கள் வரிசையில் எல்லா வீட்டிலும் கோலம் கேட்டார்கள். அவள் நாத்தனார் பின் வரிசையில் இருக்கிறாளாம், அங்கேயும் கூட்டிப்போனாள். அந்த நாத்தனார் அக்கம்பக்கத்தைக் கூப்பிட, அங்கேயும் சில வாசல். எல்லோருக்கும் அதே சிக்குக் கோலம்தான் வேண்டுமாம். நானும் மகாராணி மாதிரி நடுவில் நிற்க, ஒருத்தி தண்ணீர் தெளிக்க, ஒருத்தி மாவுக் கிண்ணம் பிடிக்க, போட்டுத் தள்ளிவிட்டேன். ஊரிலிருந்து கொண்டுவந்த மாவு தீர்ந்தது. குனிந்து நிமிர்ந்ததில் உடம்பெல்லாம் வலி, ஆனால் முட்டி மட்டும் வலிக்கவில்லை. அதை எழுதுவானேன்.

மாப்பிள்ளை சாயங்காலம் வந்து, “அத்த, செக்டார் முப்பத்தேழையே மதுர ஆக்கிட்டீங்களே” என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. மண்டையில் ஒன்று உறைத்திருக்க வேண்டாமா? உறைக்கவில்லை.

நவம்பர் 10, வெள்ளி

இன்றைக்கு நடந்ததை எழுதினால் எனக்கே வெட்கமாக இருக்கிறது. எழுதாவிட்டாலும் ஊருக்கே தெரிந்துவிட்டது.

பதினொரு மணிக்குக் கொத்தமல்லி வாங்கப் போனேன். செல்வி காலை டியூட்டி, மாப்பிள்ளை ஆபீஸ். கடையிலிருந்து வேறு பக்கமாகத் திரும்பிவிட்டேன் போல. பரவாயில்லை, கோலம் இருக்கிறதே என்று வந்தேன். கோலம் இருந்தது. கேட்டைத் திறந்தேன், குழாயில் காலைக் கழுவினேன், வலைக்கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன்.

கூடத்தில் ஒரு பெரியவர். நீலத் தலைப்பாகை, வெள்ளைத் தாடி, கையில் பேப்பர். மாப்பிள்ளையைப் பார்க்க வந்தவர், ஆபீசில் பெரிய பதவி போலிருக்கிறது என்று நினைத்து முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு “வாங்க வாங்க, உக்காருங்க” என்றேன். அவர் ஏற்கெனவே உட்கார்ந்துதான் இருந்தார். கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்து ஏதோ சொன்னார். அதில் “சாய்” என்பது மட்டும் புரிந்தது.

வீட்டுக்கு வந்தவருக்கு டீ கூடக் கொடுக்காமலா. அடுப்படி இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. இந்த ஊரில் அதுதான் விசேஷம், எந்த வீட்டிலும் அடுப்படி ஒரே இடம். டீத்தூள் டப்பா மட்டும் இடம் மாறியிருந்தது. சர்க்கரை வேறு டப்பாவில் இருந்தது. வேலைக்குப் போகிற பிள்ளை, அவசரத்தில் மாற்றி அடுக்கியிருக்கிறாள் என்று அவளைத் திட்டிக்கொண்டே எல்லாவற்றையும் நான் என் வசதிக்கு மாற்றி வைத்தேன். இஞ்சி தட்டிப் போட்டு டீ கொடுத்தேன். பெரியவர் ஒரு வாய் குடித்தார். கண்ணை மூடினார். இன்னொரு வாய் குடித்தார். எழுந்து வந்து மாவு டப்பாவைக் காட்டி, வாயருகே கையைக் கொண்டுபோனார்.

பசிக்கிறது போலிருக்கிறது. பாவம், மாப்பிள்ளைக்காக எவ்வளவு நேரமாகக் காத்திருக்கிறாரோ. மாவு பிசைந்து ரொட்டி போட ஆரம்பித்துவிட்டேன். வட்டமாக வராது என்று கையால் காட்டினேன். பரவாயில்லை என்று அவரும் கையால் காட்டினார். மூன்றாவது ரொட்டியைத் திருப்பும்போதுதான் சுவரைப் பார்த்தேன். ஒரு பெண்ணின் படம், கழுத்தில் சந்தன மாலை. எங்கள் வீட்டில் அந்தச் சுவரில் காலண்டர்தான் இருக்கும். கரண்டி கையோடு நின்றுவிட்டேன். நான் படத்தைப் பார்ப்பதைப் பெரியவர் பார்த்தார். விரலால் படத்தைக் காட்டி, தன் நெஞ்சைத் தொட்டு, மேலே காட்டினார். அதற்கு மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை. நானும் கரண்டியால் என் நெஞ்சைத் தொட்டு மேலே காட்டினேன். ரொட்டி கருகிற்று.

அவருக்கு இன்றைக்குப் புது சமையல்காரி வருவதாக மருமகள் சொல்லியிருக்கிறாள். நான்தான் அது என்று இருந்திருக்கிறார். அந்த மருமகள்தான் ஜஸ்பீரின் நாத்தனார். நேற்று அந்த வாசலில் கோலம் போட்டதும் நான்தான்! ஊர் முழுக்க ஒரே அடையாளத்தை என் கையாலேயே போட்டுவிட்டு, அடையாளத்தை நம்பி வந்திருக்கிறேன். மருமகள் வந்து என்னை அடையாளம் கண்டு ஜஸ்பீருக்குப் போன் போட, அவள் வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். பெரியவர் மட்டும் சிரிக்காமல் ரொட்டியைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் செல்வி வந்தாள். யூனிபார்ம் கூட மாற்றவில்லை. ஜஸ்பீர் சொல்லி வந்திருக்கிறாள். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.  என்னை ஸ்கூட்டியில் ஏற்றினாள். வீட்டுக்குப் போகாமல் பார்க் ஓரம் நிறுத்தினாள். பெஞ்சில் உட்கார்ந்தோம்.

“போனை ஏம்மா வீட்ல வச்சுட்டுப் போன?”

“கொத்தமல்லி வாங்கப் போனு எதுக்குடி?”

“எத்தன தடவ கூப்பிட்டேன் தெரியுமா? ரிங் போகுது. போய்க்கிட்டே இருக்கு. எடுக்கல. அப்பாவையும் அன்னைக்கு இப்பிடித்தாம்மா கூப்பிட்டேன். மத்தியானம், லஞ்ச் டயத்துல. எடுக்கல. சவாரியில இருப்பாரு, முடிச்சிட்டுக் கூப்பிடுவாருன்னு விட்டுட்டேன். அப்ப இருந்தாரா இல்லையான்னு கூட எனக்குத் தெரியாது. கேட்டா நீ கோதும மாவப் பத்திப் பேசுற.”

அவள் கூப்பிட்டது எனக்கு இதுவரை தெரியாது. செத்த வீட்டில் வந்து இறங்கியதிலிருந்து எல்லோருக்கும் தண்ணீர் கொடுத்துக்கொண்டு, எனக்கு மாத்திரை கொடுத்துக்கொண்டு நின்ற பிள்ளை. இவளுக்கு யார் என்ன கொடுத்தார்கள் என்று நான் பார்க்கவில்லை.

சொன்னேன். எனக்குத் தெரிந்ததும் ஸ்டாண்டுக்காரர் பிச்சைமணி சொன்னதுதான்.

“காலைல நாலு இட்லி சாப்பிட்டாரு. அஞ்சாவது வச்சேன், வேணாம்ட்டாரு. பெரியாஸ்பத்திரி சவாரி ஒண்ணு இறக்கிட்டு வந்து, வேப்ப மரத்தடியில வண்டியப் போட்டாராம். பின்சீட்டுல போய்ப் படுத்திருக்காரு. மூஞ்சில துண்டு. கீழ செருப்பு கெடந்துச்சு. கெடந்துச்சுன்னு சொல்லக்கூடாது, சோடி சேத்து வச்சிருந்தாரு. நெஞ்சு வலிச்சவன் செருப்பச் சோடி சேத்து வைப்பானாடி? நீ நர்சு, நீ சொல்லு.”

அவள் தலையை இல்லை என்று ஆட்டினாள்.

“வலிச்சிருந்தா துண்டு மூஞ்சில நிக்குமா?”

“நிக்காதும்மா.”

“எப்பவும் போல மத்தியானத் தூக்கம்னு ஒருத்தரும் எழுப்பல. குறட்டைச் சத்தத்தக் காணமேன்னுதான் பிச்சைமணி போய்ப் பாத்திருக்காரு.”

செல்விக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “அந்தக் குறட்டைக்கு ஸ்டாண்டே காலியாயிரும்மா” என்றாள். அப்புறம் அழுதாள். எனக்கு மடியில் கொத்தமல்லிப் பை இருந்தது. அதைக் கீழே வைத்துவிட்டு அவள் தலையை அங்கே வைத்துக்கொண்டேன். பார்க்கில் வாக்கிங் போகிறவர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள். இந்த ஊரில் எதையும் சுற்றிக்கொண்டுதான் போகிறார்கள்.

ஒன்றை மட்டும் அவளிடம் சொல்லவில்லை. நான் உட்கார்கிற சீட்டில்தான் அவர் படுத்திருந்தார்.

நவம்பர் 12, ஞாயிறு. தீபாவளி

எங்களுக்கு இந்த வருஷம் தீபாவளி கிடையாது. ஜஸ்பீர் தட்டு நிறைய இனிப்போடு வந்தாள். செல்வி விஷயத்தைச் சொன்னதும் தட்டைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனாள். கோபம் போல என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் வெறும் சோறும் ராஜ்மாக் குழம்பும் கொண்டுவந்து வைத்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒன்றும் பேசவில்லை. பேசாமல் இருக்க அவளுக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும்.

வெளியே வரிசை முழுக்க என் கோலத்தின் மேல் விளக்கு வைத்திருந்தார்கள்.

நவம்பர் 13, திங்கள்

கடைக்குத் தனியாகப் போனேன். கேட்டில் நம்பரைப் பார்த்துவிட்டு உள்ளே வந்தேன். 1327. லாட்ஜுக்குள் வருகிற மாதிரி ஒன்றும் இல்லை.

பால் மறுபடியும் மிஞ்சி நேற்று முன்தினம் வைத்த தயிர் இன்னும் தீரவில்லை.

நவம்பர் 14, செவ்வாய்

மத்தியானம் சாப்பாடு ஆனதும் செல்வியிடம் சொல்லிவிட்டேன். வீட்டைக் காலி செய்யவில்லை, ஊருக்குப் போகிறேன் என்று.

நடந்தது பெரிய சண்டை. பக்கத்து வீட்டு டி.வி.யை நிறுத்தினார்கள். ஜஸ்பீருக்குத் தமிழ் புரியாது என்பது அவளுக்கே மறந்துவிட்டது போல.

“இங்க ஒனக்கு என்ன கொற வச்சிட்டேன்? அவருதான் ஏதாச்சும் சொன்னாரா?”

“மாப்பிள்ளையச் சொல்லாத. தங்கமான மனுஷன். என் சப்பாத்தியக் கூடச் சாப்பிடுறாரு.”

“பின்ன என்ன? அஞ்சு மாசமா வீட்ட விட்டு வெளிய வரலயாமே நீ. காய்கறி கூடப் பக்கத்து வீட்டு அக்காதான் வாங்கித் தர்றாங்களாம். முட்டி வலின்னு எங்கிட்டயே கத விடுற. அங்க போய் மறுபடியும் உள்ள பூட்டிக்கிட்டு உக்காரவா?”

 பிள்ளைக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. நான்தான் முட்டியைத் தடவிக்கொண்டு நடித்துக்கொண்டிருந்திருக்கிறேன், டிக்கெட் இல்லாமல் பார்க்கிற கூத்து மாதிரி அவளும் பார்த்திருக்கிறாள்.

“ஒண்ணு செல்வி,” என்றேன். “இந்த ஊர்ல நான் தொலஞ்சு போனேன்ல. தொலஞ்சு போய் என்ன ஆச்சு? ஒரு டீ போட்டேன். மூணு ரொட்டி சுட்டேன். ஒரு உசுரும் போகல. எனக்கு அதுதான் பயமா இருந்துச்சு. ஊர்ல அவரு இல்லாம வெளிய போனா, திரும்பி வரத் தெரியாம நடுத்தெருவுல நிப்பேன், நாலு பேரு பாத்துச் சிரிப்பாங்கன்னு. இங்க சிரிச்சாச்சு. நானும் சேந்து சிரிச்சாச்சு. மதுரையில தொலஞ்சா தமிழ்லயாச்சும் வழி கேக்கலாம்.”

“அங்க யாரும்மா இருக்கா ஒனக்கு?”

“நான் இருக்கேன்ல.”

சொன்ன பிறகுதான் நானே அதைக் கேட்டேன். செல்வி எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினாள். ஒரு தட்டை உடைத்தாள்.

சாயங்காலம் மாப்பிள்ளை வந்ததும் டிக்கெட் போடச் சொன்னாள். அவர் எனக்கு ஒன்று போடப் போனார். “ரெண்டு” என்றாள். அவளுக்குப் பத்து நாள் லீவு இருக்கிறதாம். பதினாறாம் நாள் காரியம் முடிந்து கிளம்பினவள் அந்த வீட்டுக்குத் திரும்ப வரவே இல்லை. இத்தனை நாள் லீவு கிடைக்கவில்லை என்றாள். லீவுக்கும் என் முட்டி மாதிரி ஏதோ வந்திருந்தது போல.

நவம்பர் 16, வியாழன்

நாளைக்குக் கார்த்திகை. காலையில் நானே சௌந்திரபாண்டி அண்ணனுக்குப் போன் போட்டேன். செல்வி பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். ஒரே சட்டையை மறுபடி மறுபடி மடித்தாள்.

“அண்ணே, நாகரத்தினம் பேசுறேன். வீட்ட நான் காலி பண்ணல. கொத்தனாருட்ட சொல்லிருங்க.”

“சரித்தா. சந்தோசம். நீ இருந்தா கீழ வீட்டப் பத்திக் கவல இல்ல.”  தொண்டையைச் செருமினார். “இன்னொண்ணு கேக்கணும். தப்பா எடுத்துக்காத. மவனுக்குப் பொண்ணு வீட்ல காரு குடுக்குறாங்க. நம்ம வாசல்ல அந்த எடம் இருக்குல்ல… தம்பி ஆட்டோ நிறுத்துற எடம். அதுல நிறுத்திக்கிறட்டுமான்னு கேட்டான். ஒன்னக் கேக்காம கூடாதுன்னு சொல்லிட்டேன்.”

அந்த ஆட்டோ வாடகை வண்டி. அவர் போன மறுநாளே முதலாளி வந்து எடுத்துப்போய்விட்டார். அன்றிலிருந்து அந்த இடத்தில் யாரும் ஒரு சைக்கிள் கூட நிறுத்தவில்லை. கேட்கவும் இல்லை. ஜன்னலைத் திறந்தால் அந்த இடம்தான் தெரியும். தரையில் எண்ணெய் சொட்டின கறை இருக்கிறது. நான் ஜன்னலைத் திறப்பதில்லை.

செல்வி மடிப்பதை நிறுத்திவிட்டாள்.

“நிறுத்திக்கிறட்டும்ணே,” என்றேன். குரல் நன்றாகத்தான் வந்தது. “சும்மாதான கெடக்கு. ஆனா வாசப்படிய மறிக்காம, கொஞ்சம் தள்ளி நிறுத்தச் சொல்லுங்க. நான் போக வர இருப்பேன்.”